பிச்சாவரமா, கோடியக்கரையா? சேலத்திலிருந்து போகிறவர்களின் கணக்கு

சனி ஞாயிறு வந்தால் ஊரே ஏற்காட்டுக்கு ஏறுகிறது. அடிவாரத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தாலே எங்களுக்கு அலுப்பு. மச்சான் மலைமேல் காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பதால் ஏற்காடு எங்களுக்கு டூர் போகிற இடமில்லை, சொந்தக்காரர் வீடு. அதனால் லீவு கிடைத்தால் எதிர்த் திசையில், கிழக்கே, கடல் பக்கம் ஓடத் தோன்றும். அதுவும் மணலும் அலையும் பஜ்ஜிக் கடையுமான கடற்கரை வேண்டாம், அதை வேளாங்கண்ணியிலும் பாண்டிச்சேரியிலும் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. ஆறும் கடலும் கலக்கிற உப்புச் சேற்று நிலம், அலையாத்திக் காடு, குளிர்காலத்துக்கு வந்து தங்கும் பறவைகள், அந்த மாதிரி இடம். இந்த வருஷமும் பேச்சு எடுத்ததும் வீட்டில் நாலு பேருக்கு நாலு ஊர். மகளுக்குப் படகு வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி, கூடவே ஒரு கோயிலும் இருந்தால் நல்லது. மச்சானுக்கு மான். எனக்குப் பறவை. என் மனைவிக்குச் சுத்தமான கழிப்பறை இருக்கும் எந்த ஊரானாலும் சரி, அவர் சொல்வதில்தான் நியாயம் அதிகம்.

சேலத்திலிருந்து போகக்கூடியவை என்று எழுதிப் பார்த்தால் ஐந்து பெயர் வருகிறது: பிச்சாவரம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, கழுவேலி, பழவேற்காடு. வேடந்தாங்கலையும் சிலர் சொல்வார்கள். நல்ல இடம்தான், ஆனால் அது உள்நாட்டு ஏரி, நல்ல தண்ணீர், கடலோரச் சதுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்தையும் ஒப்பிட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: விடியும்போது நாம் அங்கே நிற்க முடியுமா? பறவையும் மானும் நம் வசதிக்கு வருவதில்லை. காலை ஆறிலிருந்து எட்டரை வரை, அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல், அவ்வளவுதான். நடுவில் போனால் வெட்டவெளியில் கானல் நெளிகிறதைத்தான் பார்க்க வேண்டும், பைனாகுலர் வைத்தால் பறவையும் சேர்ந்து நெளியும். கடலோ நமக்கு இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். ஆகவே எந்த ஊர் என்பதோடு முந்தின ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இது எனக்குப் பட்ட பிறகு தெரிந்த பாடம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கோடியக்கரைக்கு ஒரே நாளில் போய்வந்துவிடலாம் என்று பெரிய புத்திசாலித்தனமாக விடியற்காலை நாலு மணிக்கு அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பினோம். திருச்சியில் டிபன், தஞ்சாவூரில் டிராஃபிக், மன்னார்குடி தாண்டி ஒரு டீ, போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. தலைக்கு மேல் வெயில். தூரத்தில் ரெண்டு மான் நிழலில் படுத்திருந்தது, அதுவும் மான்தானா கட்டையா என்று பத்து நிமிஷம் விவாதம். சாப்பாட்டுப் பையைத் திறந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு புளியோதரைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. ஏற்காட்டில் நாள் தவறாமல் குரங்கோடு மல்லுக்கட்டுகிற மச்சானே ஏமாந்து நின்றார். திரும்பி வீடு வந்தபோது நடுராத்திரி. போகவர அறுநூறு கிலோமீட்டர், லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கிற வண்டி என்றால் நாற்பது லிட்டர் பெட்ரோல், நாலாயிரம் ரூபாயைத் தாண்டும். ரெண்டு மானுக்கு!

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன். முதலில் சீக்கிரம் கழிக்கக்கூடியவை.

பழவேற்காடு நம் ஊரிலிருந்து நானூறு கிலோமீட்டர். சென்னையையும் தாண்டி வடக்கே போக வேண்டும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, நமக்குத் தெற்கு முனைதான். பூநாரை வரும், கூழைக்கடா வரும், டச்சுக்காரர்கள் 1600-களில் புதைத்த கல்லறைகளில் மண்டையோடு செதுக்கிய கற்கள் இன்னும் நிற்கின்றன, அதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். கார் எடுக்காமல் போகிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு: ராத்திரி ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை சென்னை சென்ட்ரல், அங்கிருந்தே புறநகர் ரயிலில் பொன்னேரி, பொன்னேரியில் பஸ். தூக்கம் ரயிலிலேயே முடிந்துவிடும். ஆனால் படகுக்காக மட்டும் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்கு அங்கே தடை. கரையில் யாராவது வந்து ‘நான் கூட்டிட்டுப் போறேன் சார்’ என்று காதோரம் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். குழந்தையோடு போகிறவர்கள் முக்கியமாக. சென்னையில் தங்க வீடு இருக்கிறவர்களுக்கு இது நல்ல தேர்வு, நேராகச் சேலத்திலிருந்து இதற்காகவே கிளம்ப எனக்கு மனம் வரவில்லை.

கழுவேலி வேறு கதை. மரக்காணம் பக்கம், விழுப்புரம் மாவட்டம். 2021 கடைசியில்தான் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-இல் ராம்சர் பட்டியலிலும் வந்துவிட்டது. (ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரானின் ராம்சர் நகரத்தில் நாடுகள் போட்ட ஒப்பந்தம் அது, அந்தப் பட்டியலில் இடம் பிடித்தால் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அர்த்தம்.) உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று நெடுஞ்சாலையிலேயே போகலாம், ஏறக்குறைய இருநூற்று நாற்பது, இருநூற்றைம்பது கிலோமீட்டர். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிற ஆழமில்லாத தண்ணீர், ஒரு பக்கம் ஏறக்குறைய நல்ல தண்ணீர், கழிமுகத்தை நெருங்க நெருங்க உப்பு. வாத்து, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் கூட்டம் கூட்டமாக இறங்கும். பறவையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறவருக்கு அருமையான இடம். மற்றபடி அது சுற்றுலாவுக்கென்று செய்த இடமே இல்லை. நுழைவாயில், படகுத்துறை, கேன்டீன் எதையும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வரப்பு மாதிரியான மண்பாதையில் நின்று பார்க்க வேண்டும், நிழல் கிடையாது. பாண்டிச்சேரியில் தங்கி விடியலில் போய்விட்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிட்டால் ரொம்ப நல்லது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்பதால் எங்கள் வீட்டில் இது முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. தனியாக ஒருநாள் போவேன்.

மிச்சம் மூன்று. இதில்தான் சண்டையே.

பிச்சாவரத்துக்கு இருக்கிற முதல் பலம் தூரம். ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம், சிதம்பரம் என்று போனால் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், வாழப்பாடி தாண்டி ஆத்தூர் போகும்வரை கிழங்கு மில்களின் புளித்த வாசனை கூடவே வரும், அதுவரைக்கும் நம் ஊர் கூடவே வருகிற மாதிரி. பஸ்ஸிலும் சுலபம், சிதம்பரத்தில் இறங்கி இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் பதினைந்து கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வரக்கூடிய இடம் என்று இந்த ஐந்தில் ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால் அது இதுதான். காரணமும் இருக்கிறது: இங்கே பார்க்க வேண்டியது மரம். மரம் எங்கேயும் பறந்துபோகாது. பத்து மணிக்குப் போனாலும் நிற்கும். காட்டுக்குள் கால்வாய் நிழலாக இருப்பதால் வெயிலும் கொஞ்சம் தாங்கலாம், விடியல் விதி இங்கே அவ்வளவு கறாராகப் பொருந்தாது.

வெள்ளாறுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற கழிமுகம் அது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. துடுப்புப் படகா மோட்டார் படகா என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் படகு அகலமான தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விடும், சத்தத்தில் ஒரு மீன்கொத்தி கூட உட்காராது. துடுப்புப் படகுதான் கிளைகள் தலைக்கு மேல் கூடிக்கிடக்கிற குறுகின வாய்க்காலுக்குள் நுழையும். நாங்கள் போனபோது படகுக்காரர் அண்ணன் நடுவில் துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு கிளையைப் பிடித்து, மகளிடம், ‘பாப்பா, இந்த இலையைத் தொட்டு நாக்குல வெச்சுப் பாரு’ என்றார். என் மனைவி வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் நக்கிவிட்டாள். ‘அப்பா, உப்பு!’ வெண்கண்டல் மரம் உறிஞ்சுகிற உப்பை இலை வழியாகவே வெளியேற்றும். வெயிலில் பார்த்தால் இலையின்மேல் பொடிப்பொடியாக மின்னும். சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் அதன் மூச்சு வேர்கள், சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் வெளியே வந்து மூச்சு வாங்குகின்றன. சுரபுன்னையோ கொம்பு கொம்பாகக் கால் ஊன்றி நிற்கும், அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து முருங்கைக்காய் நீளத்துக்குத் தொங்கும், விழுந்தால் அப்படியே சேற்றில் குத்திக்கொண்டு வேர் விடும். எட்டாம் வகுப்புப் பாடத்தில் படித்ததை இப்படிக் கையால் தொட்டுப் பார்க்க வேறெங்கே முடியும்?

ஆனால் எல்லா இலையையும் நக்கக் கூடாது. அதே காட்டில் தில்லை மரமும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான், கோயிலின் தலமரமும் அதுதான். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் ஆபத்து. கையைப் படகுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்வது சும்மா மிரட்டலுக்கு இல்லை.

குறை என்ன? கூட்டம். விடுமுறை நாளில், அதிலும் காணும் பொங்கலன்று, படகுக்கு நின்றே பாதி நாள் போய்விடும். அப்புறம் காட்டு மிருகம் பார்க்கிற ஆசை இருக்கிறவருக்குப் பிச்சாவரம் சப்பென்று இருக்கும். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பருந்து. மச்சான் போன தடவை, ‘மாமா, இதுக்கு நம்ம ஏற்காடு ஏரியிலேயே படகு ஓட்டியிருக்கலாம்’ என்றார். அது அநியாயமான பேச்சு, இருந்தாலும் அவர் எதை எதிர்பார்த்து வந்தார் என்பது அதில் தெரிகிறது. அம்மாவுக்குப் படகில் ஏறி இறங்கத்தான் சிரமம், ரெண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றபடி சிதம்பரத்தில் நடராஜரைப் பார்த்துவிட்டு, இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்கெல்லாம் சேலம் வந்துவிடலாம். இதைவிட வம்பில்லாத டூர் கிடையாது.

முத்துப்பேட்டை, பிச்சாவரத்தின் பெரிய அண்ணன். பரப்பில் தமிழ்நாட்டின் பெரிய அலையாத்திக் காடு, திருவாரூர் மாவட்டம். கோரையாற்றில் படகு ஏறினால் ரெண்டு பக்கமும் காடு மெதுவாக விலகிக்கொண்டே போய்க் கடைசியில் சட்டென்று ஒரு பெரிய காயல் விரியும். கூட்டமே இருக்காது, அந்த அமைதிக்காகவே எனக்குப் பிடிக்கும். ஆனால் படகுக்கு வனத்துறையிடம் முன்னாலேயே பேசி வைக்க வேண்டும், தண்ணீரும் காற்றும் ஒத்துவர வேண்டும், நேராகப் போய் டிக்கெட் எடுத்து ஏறுகிற சமாச்சாரம் இல்லை. தவிர, கஜா புயலில் இங்கே காடு பலமாக அடி வாங்கியது. இதற்காக மட்டும் சேலத்திலிருந்து இருநூற்று எழுபது கிலோமீட்டர் போவதைவிட, கோடியக்கரை போகிற டூரில் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குவதுதான் சரி. ரெண்டுக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டர்தான்.

இப்போது கோடியக்கரை. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், தமிழ்நாட்டுக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து ஓர் இடத்தில் முழங்கையை மடக்கின மாதிரி மேற்கே திரும்பும். அந்த முழங்கை முனைதான் கோடியக்கரை. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பாக் நீரிணை, பின்னால் வேதாரண்யம் சதுப்பு. கடலை ஒட்டினால் மணல்மேடு, உள்ளே பசுமைமாறா உலர்காடு, அதை விட்டு வெளியே வந்தால் புல்வெளி, அதற்கப்புறம் கண்ணுக்கெட்டும் தூரம் உப்புச் சேறு, உப்பளம். இத்தனையும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் மானும் பூநாரையும் ஒரே காலையில் கிடைக்கின்றன. சலீம் அலி 1962-இல் இந்த இடத்தின் அருமையைச் சொன்னார், 1967-இல் முக்கியமாக வெளிமானுக்காகச் சரணாலயம் ஆக்கினார்கள், 2002-இல் ராம்சர் பட்டியலில் வந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டுக்கொண்டிருக்கிறார்கள்; கொசு உள்ளான் என்று ஒரு பறவை, சிட்டுக்குருவி கனம்தான் இருக்கும், அது சைபீரியாவிலிருந்து பறந்து வந்து இந்தச் சேற்றில் இரை பொறுக்குகிறது என்பதை நினைத்தால் நாம் சேலத்திலிருந்து காரில் வந்த களைப்பைப் பேசக் கூச்சமாக இருக்கும்.

இரண்டாவது தடவை போனபோது புத்தி வந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலமே போய் வேதாரண்யத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பதினோரு கிலோமீட்டர்தான். பனி. சேலத்துப் பனி இல்லை, உடம்பில் பிசுபிசுவென்று ஒட்டுகிற உப்புப் பனி. புல்வெளியோரம் வண்டியை நிறுத்தி இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வர வர, கட்டை என்று நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தலை தூக்கியது. கிடா மான் ஒன்று தனியாக நின்றது, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு ரெண்டும் துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி. என்ன நினைத்ததோ, திடீரென்று துள்ளியது. ஒன்று துள்ளினதும் பின்னாலேயே பெட்டைகளும் குட்டிகளும் வரிசையாகத் துள்ளிக்கொண்டு போயின, நாலு காலும் தரையை விட்டு மேலே. மச்சான் வாயே திறக்கவில்லை. அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. திரும்பும்போது வழியில் மட்டக்குதிரைக் கூட்டம் ஒன்று, வீட்டில் வளர்ந்து காட்டோடு போன குதிரைகளின் வாரிசு, பிடரியெல்லாம் முள்ளோடு நின்றது. மகளுக்கு மானைவிட அதுதான் பிடித்தது.

பூநாரையைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் பார்க்கிற மாதிரி பக்கத்தில் பார்க்கலாம் என்று யாரும் கிளம்பாதீர்கள். தூரத்தில் சேற்றுக்கு மேல் மங்கலாக ஒரு ரோஸ் கலர் கோடு தெரியும், அதுதான். பைனாகுலர் வைத்தால்தான் அந்தக் கோட்டுக்குக் கால் முளைக்கும். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து வடிகட்டித் தின்னும், அந்தத் தீனியில் இருக்கிற நிறமிதான் அதன் இறகுக்கு அந்த ரோஸைக் கொடுக்கிறது. தண்ணீர் கால் அளவுக்கு இருந்தால் நிற்கும். அதிக மழை பெய்து ஆழமாகிவிட்டாலோ அடியோடு காய்ந்துவிட்டாலோ வேறிடம் பார்த்துப் போய்விடும். எங்களுக்கு முனியப்பன் ஏரிப் பக்கம் உள்ளானும் கரண்டிவாயனும் ஆலாவும் ஏராளமாகக் கிடைத்தன, பூநாரைக்கு அரை மணி நேரம் தேட வேண்டியிருந்தது. பார்க்காமல் திரும்புகிற நாளும் உண்டு, அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு போவது நல்லது.

மற்ற குறைகள்: உள்ளே சாப்பாட்டுக் கடை என்று நம்பிப் போகாதீர்கள், வேதாரண்யத்திலேயே கட்டிக்கொள்ளுங்கள், கட்டினதைக் குரங்கு கண்ணில் படாமல் வையுங்கள். கொசு உண்டு. சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைக்கும். 2018 நவம்பரில் கஜா கரையேறியது இந்தப் பக்கம்தான், காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்துபோயின, பழைய படங்களைப் பார்த்துவிட்டு அடர்ந்த காட்டை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். தங்க வனத்துறையின் பூநாரை இல்லம் கோடியக்கரையிலேயே இருக்கிறது, கிடைத்தால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை, ஆனால் முன்பதிவு இல்லாமல் போய் நிற்கக் கூடாது. இல்லையென்றால் வேதாரண்யம் லாட்ஜ், வசதி சுமார். மனைவியின் கழிப்பறை நிபந்தனைக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் வேளாங்கண்ணியில் தங்க வேண்டியதுதான், அங்கே எல்லா விலையிலும் அறை உண்டு, ஆனால் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும், அதாவது நாலரைக்கே எழுந்து கிளம்ப வேண்டும். ஏற்காட்டுப் பக்கம் வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் வேன் கட்டிப் போகிற குடும்பங்கள் நிறைய, அவர்கள் போகிற டூரில் ஒரு நாள் கூட்டினால் கோடியக்கரை கையில் கிடைத்துவிடும், ஏன் யாரும் செய்வதில்லை என்று தெரியவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன், பறவையில் ஆர்வமில்லாத பெரியவர்களைக் கிளப்ப இது உதவும். வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. நம் ஊரில் வக்கீலாகத் தொழில் பார்த்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1930 ஏப்ரல் 13 அன்று நூறு பேர் அளவில் தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்க ஆரம்பித்து, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். நாம் காரில் போகிற பாதையில் பாதி அவர்கள் நடந்தது. அகஸ்தியம்பள்ளிக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து 2023-இல் மறுபடி ரயிலும் விட்டிருக்கிறார்கள், கார் இல்லாதவர்கள் நேரம் விசாரித்து அதையும் யோசிக்கலாம். அம்மாவை நான் கவிழ்த்தது வேறு வழியில். வேதாரண்யம் கோயிலின் மூடிய கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்ற கதையை நினைவுபடுத்தினேன். ‘அந்த மறைக்காடா இது? அப்படின்னா முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே’ என்றார். முடிந்தது.

எப்போது போவது என்பதிலும் சிக்கல் உண்டு. அக்டோபரில் பறவை வர ஆரம்பித்துவிடும், ஆனால் நவம்பர் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கத்தைத்தான் குறிவைத்துக் கொட்டும், மண்பாதையெல்லாம் சேறு, புயல் எச்சரிக்கை வந்தால் அறைக்குக் கொடுத்த முன்பணமும் போச்சு. ஜனவரிதான் சரியான மாதம், பிப்ரவரி பாதி வரைக்கும் இழுக்கலாம். ஜனவரியிலும் பொங்கல் நாலு நாளைத் தவிருங்கள், அப்புறம் காலண்டரில் தை அமாவாசை எந்தத் தேதி என்று பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடலாட வருகிற கூட்டத்தில் அறையும் கிடைக்காது, வண்டி நிறுத்தவும் முடியாது. நமக்கு மலையில் என்ன பிரச்சனை என்றால் காபிப் பழம் பறிப்பதும் இதே மாதங்கள்தான். மச்சான் பறிப்பு முடியாமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. பறவைக்கும் காபிக்கும் ஒரே சீசன் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும்.

ஆக, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கையில் இருக்கிறது, சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் மறுபேச்சில்லாமல் பிச்சாவரம், அதுவும் காலை ஒன்பதுக்குள் படகுத்துறையில் நிற்கிற மாதிரி கிளம்புங்கள். ஒரு ராத்திரி வெளியே தங்கலாம் என்றால் கோடியக்கரை, மதியம் போய்ச் சேர்ந்து சாயங்காலம் ஒரு சுற்று, மறுநாள் விடியல் ஒரு சுற்று, அப்புறம் நேராக வீடு. இரண்டு ராத்திரி என்றால் கோடியக்கரையோடு முத்துப்பேட்டை, படகு ஆசையும் தீர்ந்துவிடும். ஒரு ராத்திரியும் தங்க முடியாது, ஆனால் மான்தான் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அறுநூறு கிலோமீட்டர் ஓடி மத்தியான வெயிலில் கானல் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டில் ரெண்டு ராத்திரிக்கு ஒப்புக்கொண்டாயிற்று: வெள்ளி சாயங்காலம் கிளம்பித் தஞ்சாவூரில் படுக்கை, சனிக்கிழமை காலை முத்துப்பேட்டை படகு, மதியத்துக்கு மேல் கோடியக்கரை, ராத்திரி பூநாரை இல்லம் கிடைத்தால் அங்கே, இல்லையென்றால் வேதாரண்யம், ஞாயிறு விடியலில் மான், ஒன்பது மணிக்கு அம்மாவின் கோயில், அப்புறம் ஊர். அம்மா முத்துப்பேட்டையில் படகு ஏறமாட்டார், கரையில் ஒரு நாற்காலி போட்டுத் தட்டுவடைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டார். தேதிதான் மச்சான் கையில். கடைசிப் பறிப்பு ஜனவரி மூன்றாவது வாரத்தில் முடிந்தால் நான்காவது வாரம், இழுத்தால் பிப்ரவரி முதல் வாரம். அதுவரைக்கும் நானும் மகளும் ஞாயிறு காலையில் மூக்கனேரிக் கரையில் பைனாகுலரோடு நிற்கிறோம், தூரத்தில் தெரிவது கொக்கா பிளாஸ்டிக் பையா என்று ஒரு பார்வையில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் பத்தில் ஏழு சரி.